ஆறாம் லயத்துக்கு ஒரே பாஸ்வேர்ட்

இன்டர்நெட் கடையில் வேலை பார்ப்பதென்பது, ஊரார் வீட்டுச் சாவியையெல்லாம் இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை என்று சத்தியம் பண்ணுகிற பிழைப்பு. 'அப்டேட் செய்யவா?' என்று கேட்டுக் கேட்டே உயிரை வாங்கும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து தலையைச் சொறிந்த அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். இலங்கை மலைநாட்டில், பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு புடவைக் கடையின் மாடியில் எங்கள் கடை. நான்கு கொம்பியூட்டர், ஒரு போட்டோ கொப்பி மெஷின், இருந்ததே ஒரு டெலிபோன் லைன். மேலே இன்டர்நெட் ஓடினால் கீழே டெலிபோன் ஊமை. கீழே யாராவது மறந்துபோய் ரிசீவரைத் தூக்கினால் மேலே இன்டர்நெட் அறுந்து விழும். முதலாளி கீழே புடவைக் கடையில், நான் மேலே. இரண்டு பேருமே நாளுக்குப் பத்துத் தடவை படிக்கட்டில் ஏறி இறங்கிச் சண்டை போட்டுக்கொள்வோம்.

சி.ஆர். கொப்பி

வருகிறவர்களுக்கு ஈமெயில் முகவரி போட்டுக் கொடுப்பது என் வேலை. போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை அடுத்த வாரமே மறந்துவிட்டு வருவது அவர்கள் வேலை. "தம்பி, அன்னிக்கு என்னமோ ஒண்ணு வச்சீங்களே, அது என்னாங்க?" என்று கேட்டால் நான் எங்கே போவேன்? கணக்கெழுதுகிற தடித்த நோட்டு, சி.ஆர். கொப்பி, ஒன்று வாங்கினேன். பெயர், ஊர், முகவரி, பாஸ்வேர்ட் எல்லாம் சிவப்புக் கோடு போட்டு அழகாக எழுதி, மேசையின் மேலேயே வைத்தேன். வருகிறவர்கள் தாங்களே புரட்டிப் பார்த்துக்கொள்வார்கள். என்னைப் போல ஒழுங்கான ஆள் ஊவா மாகாணத்திலேயே கிடையாது என்ற நினைப்பு எனக்கு.

அதைக் கெடுத்தவர் சிவஞானம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், சாவியைத் திறப்பு என்பவர், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். என்னைவிட இரண்டு வயதுதான் கூட இருக்கும், ஆனால் கதைப்பது மாத்திரம் தாத்தா மாதிரி. பாஸ்வேர்ட் அடிக்கும்போது கைக்குட்டையை விரித்துக் கையை மூடிக்கொள்வார். மாதத்துக்கு ஒரு தடவை பாஸ்வேர்டை மாற்றுவார். ஒருநாள் என் கொப்பியைக் கையில் எடுத்து இரண்டு பக்கம் புரட்டினார். பாராட்டப் போகிறார் என்று நான் எழுந்து நின்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்:

"ஐசே, ஊரின்ரை திறப்பெல்லாம் இதுக்குள்ள கிடக்கு. இனிக் கள்ளனுக்கு என்ன வேலை?"

எல்லாருக்கும் ஒரே பை

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடான ஆறாம் நம்பர் லயத்திலிருந்து வந்தவர் மாரியாயி அக்கா. கொழுந்து பறிக்கிறவர். மகள் செல்வி அரபு நாட்டில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம். ஒப்பந்தம் இரண்டு வருஷம். "வர்ற தைப்பொங்கலுக்கு என் புள்ள இங்க இருக்கும் தம்பி" என்பதைத்தான் அக்கா வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்வார். செல்வி தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவாள். நான் வாசித்துக் காட்டுவேன். அக்கா சொல்லச் சொல்ல நான் பதில் அடிப்பேன்.

அதே லயத்தில் இன்னும் ஆறு வீட்டுப் பெண்கள் வெளிநாட்டில். "வீட்டுக்கொரு முகவரி போடட்டுமா அக்கா?" என்று கேட்டேன். அக்காவுக்கு விளங்கவில்லை. தோட்டம் முழுதுக்கும் ஒரே தபால் பை. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பேரைக் கூப்பிட்டுக் காயிதம் கொடுப்பார்கள். படிக்கத் தெரிந்தவர் சத்தமாகப் படிப்பார். சுற்றி நிற்பவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள், சேர்ந்து அழுவார்கள். அப்படியிருக்க ஏழு முகவரி எதற்கு? எனக்கும் ஏழு தடவை படிவம் நிரப்பச் சோம்பல். ஒரே முகவரி போட்டேன். பாஸ்வேர்ட், 'லயம்' என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு ஆறு. யாருக்கும் மறக்காதே!

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் ஒருவர் வாரா வாரம் தோட்டத்துக்குப் போய் வருவார். "இதுக்குப் போய் பஸ்ஸுக்குச் செலவழிக்கிறீங்களே, டவுன்ல நானே பாத்து வந்து சொல்றேன்" என்று அவரும் தாராளம் காட்டினார். மற்றவர்கள் சரியென்று இருந்துவிட்டார்கள். அக்கா மட்டும் அந்தக் குலுங்குகிற பாதையில் பசறை வழியாக பஸ் ஏறி, இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு வந்துவிடுவார். ஒரு தடவை வந்தபோது, பாஸ்வேர்டைப் பையன்கள் பெரட்டுக்களத்துப் பலகையில் சோக்கால் எழுதி வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். நான் சிரித்தேன். அதற்கும் அக்காவிடம் பதில் இருந்தது:

"ஒருத்தருக்கு மறந்தாலும் இன்னொருத்தருக்கு ஞாபகம் இருக்குமில்லீங்களா?"

நீலமா, நரியா?

உங்களுக்கும் இந்தச் சண்டை தெரிந்திருக்கும். பழைய நீல எழுத்துப் பிரவுசரா, புதிதாக வந்த நரிப்படம் போட்ட பிரவுசரா? சிவஞானம் சேர் நரிக் கட்சி. நீலத்துக்குள்ளால் வைரஸ் வருகிறது, நரி இலவசம், யாருக்கும் சொந்தமில்லாதது, அதுதான் சுதந்திரம் என்று அரைமணி நேரம் பேசி, ஒரு சீடியையும் கொண்டுவந்து நீட்டினார். முதலாளி நீலக் கட்சி. காரணம், கடை போர்டில் நீல எழுத்தைப் பெரிதாக வரைந்து பெயின்டருக்குக் காசும் கொடுத்தாயிற்று. லைன் மந்தமாகிற நாளில் நீலமும் ஒன்றுதான், நரியும் ஒன்றுதான் என்பது என் கட்சி. அந்தக் கட்சியில் நான் ஒருவன்தான்.

சேரின் தொல்லை தாங்காமல் மூன்றாம் நம்பர் கொம்பியூட்டரில் நரியைப் போட்டு, நீலத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். மறுநாள் பசறையில் பேக்கரி வைத்திருக்கும் ஐயா வந்து உட்கார்ந்தார். திரையை மேலும் கீழும் பார்த்தார். மேசைக்கு அடியில் குனிந்தும் பார்த்தார். பிறகு கவலையோடு கேட்டார்:

"என்ன தம்பி, இன்டர்நெட்ட வித்துட்டீங்களா?"

முதலாளியின் பாதுகாப்பு முறை

சில விடலைகள் பார்க்கக்கூடாத படம் பார்க்கிறார்கள் என்று யாரோ முதலாளியிடம் கோள் சொன்னார்கள். அதைத் தடுக்கிற மென்பொருள் இருக்கிறது என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள், அவர் தச்சரைக் கூட்டிவந்து கொம்பியூட்டர்களுக்கு நடுவே இருந்த பலகைத் தடுப்பையெல்லாம் கழற்றிவிட்டார். போதாதற்குப் புடவைக் கடையில் வியாபாரம் ஓய்கிற நேரமெல்லாம் மேலே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டே நடப்பார். நாலு பேர் பரீட்சை எழுதுகிற மண்டபம் மாதிரி ஆகிப்போனது கடை.

ஹல்துமுல்லையிலிருந்து ஒரு டீச்சர் வருவார். கொழும்பில் வேலை செய்யும் மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதுவார். நிச்சயதார்த்தம் முடிந்த புதிது, கடிதமும் நீளம். முதலாளி பின்னால் நின்றார். நகருவார் நகருவார் என்று பார்த்தால் நகரவேயில்லை. ஒரு இடத்தில் லேசாகச் சிரித்தும் விட்டார். டீச்சர் திரும்பியே பார்க்காமல் என்னைக் கூப்பிட்டார்:

"அண்ணே, நான் அடுத்த பக்கத்துக்குப் போகப்போறேன். ஒங்க முதலாளி இத வாசிச்சு முடிச்சிட்டாரான்னு கேட்டுச் சொல்லுங்க."

வெலிமடை லொறி

அந்த டிசம்பரில் மாரியாயி அக்காவின் முகம் சரியில்லை. இரண்டு தடவை வந்தும் செல்வியிடமிருந்து ஒரு வரி இல்லை. மூன்றாவது தடவை வந்தபோது நாற்காலியில் உட்காரவேயில்லை. "ஏஜென்சிக்காரர் சொல்லுறாருங்க, அவ இன்னும் ரெண்டு வருசம் இருக்கப் போறாளாம். மெயில் போட்டிருந்தாளாம். என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல பாத்தீங்களா" என்றார். மெயிலைத் திறக்கலாமென்றால் முதலாம் நம்பர் கொம்பியூட்டரில் பிரவுசர் இறுகிப்போய்க் கிடந்தது. வைரஸ். மற்ற மூன்றிலும் ஆட்கள்.

நான் இரண்டு வருஷமாக அப்டேட் கேள்விக்கெல்லாம் 'பிறகு' என்ற பொத்தானையே அமுக்கி வந்தவன். மனைவி கேட்டால் நாளைக்கு என்போமே, அந்தப் பழக்கம். அன்றைக்குச் சிவஞானம் சேர் பக்கத்தில் நின்று, அப்டேட் போட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம். போட்டேன். பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்து தொண்ணூறுக்கு வந்தது. கீழே முதலாளி ரிசீவரைத் தூக்கினார். லைன் அறுந்தது, கோடு பூச்சியத்துக்குப் போனது. நான் ஓடிப்போய்க் கத்திவிட்டு வந்து மறுபடி தொடங்கினேன். எண்பதில் மறுபடி தூக்கினார். இத்தாலியிலிருக்கும் மகனுக்குப் படம் அனுப்பக் காத்திருந்த வெலிமடைக் கோஸ் வியாபாரி ஒருவர், முழுசையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்:

"தம்பி, எங்க மரக்கறி லொறி கூட ரிவர்ஸ்ல இவ்வளவு தூரம் வராது."

இடது பக்கம்

மூன்றாம் தடவை அப்டேட் ஏறிவிட்டது. திறந்தால் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. பழையதில் மெயில் பக்கத்தின் இடது ஓரம் திரைக்கு வெளியே ஒளிந்திருக்கும், நானும் அதைச் சட்டை செய்ததில்லை. இப்போது அது முழுதாகத் தெரிந்தது. அங்கே 'அனுப்பியவை' என்று ஒரு பட்டியல். அதில் நான் அடிக்காத கடிதம் ஒன்று, செல்விக்குப் போயிருந்தது. வாசித்தேன். "செல்வி, அம்மா சொல்றேன். இப்ப வராத. இன்னும் ரெண்டு வருசம் இரு. ஏஜென்சி அண்ணன் காட்டுற எடத்துல கையெழுத்துப் போடு." குப்பைத்தொட்டிப் பக்கம் போய்ப் பார்த்தேன். செல்வியின் பதில் அங்கே கிடந்தது. "நாள எண்ணிக்கிட்டு இருந்தேம்மா. நீயே வராதன்னு சொல்லிட்ட. மாசக் கடசியில பேப்பர் கொண்டாராங்க. போட்டுர்றேன்." மாசம் முடிய எட்டு நாள் இருந்தது.

யார் எழுதியிருப்பார் என்று யோசிக்க ஒன்றுமில்லை. கையெழுத்து விழுந்தால் ஏஜென்சிக்காரருக்கு வரும்படி, பாஸ்வேர்டோ பலகையில் சோக்கால் எழுதியிருக்கிறது. டவுனில் எந்தக் கடையில் உட்கார்ந்தும் அவர் அம்மாவாகலாம். ஆனால் அந்தக் கதவைத் திறந்துவைத்தவன் நான்தானே! ஏழு படிவம் நிரப்பச் சோம்பல்பட்டவன். வெட்கமாக இருந்தது. சேர் மேசையிலிருந்த என் கொப்பியை மெல்ல மூடிவைத்தார், அது இன்னும் கேவலமாக இருந்தது. அக்காவுக்கு இரண்டு கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். அவர் முதல் கடிதத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு, கண்ணைத் துடைக்காமலே சொன்னார்:

"நான் 'ராசாத்தி'ன்னு கூப்புடாம அவளுக்கு ஒரு காயிதம் சொன்னதில்லையே தம்பி."

பூவாக விழுந்த நம்பர்

லயத்து முகவரியின் பாஸ்வேர்டை உடனே மாற்றினேன். அக்காவுக்கென்று தனி முகவரி போட்டேன். பாஸ்வேர்ட் கேட்டது. அக்கா சத்தமாக ஒரு நம்பர் சொன்னார். அது தோட்டத்துச் சம்பளப் பதிவில் உள்ள அவருடைய செக்ரோல் நம்பர், தினமும் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கத்திக் கூப்பிடுகிற நம்பர், தோட்டத்து நாய்க்குக்கூடத் தெரியும். சேர் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, பேர் வேண்டாம், பிறந்த நாள் வேண்டாம், செக்ரோல் வேண்டாம். உங்கட மனசுக்குள்ள மட்டும் இருக்கிற ஒரு நம்பரைச் சொல்லாமல் அடியுங்கோ" என்றார்.

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எழுத்து தெரியாது, நம்பர் தெரியும். "அப்ப ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றார். திரும்பினோம். முந்தானையை விரித்துக் கையை மூடிக்கொண்டு, ஒரே விரலால் ஒவ்வொன்றாக அமுக்கினார். திரையைப் பார்த்துத் திடுக்கிட்டு, "தம்பி, நம்பரு வரல, எல்லாம் பூப்பூவா விழுது!" என்றார். அப்படித்தான் விழும் என்றேன். இன்னொரு தடவை அடிக்கச் சொன்னதும், "இப்பத்தானே சொன்னேன், அதுக்குள்ள மறந்துருச்சா இதுக்கு?" என்று கொம்பியூட்டரை ஏசிவிட்டு, மறுபடி அடித்தார். பிழையில்லாமல் ஏற்றுக்கொண்டது. என் மூஞ்சியில் இருந்த ஆச்சரியத்தை அக்கா பார்த்துவிட்டார்:

"நிறுக்கிற எடத்துல நம்பரு தப்பினா நம்ம கொழுந்து அடுத்தவ பேருல ஏறிருமுங்க. நான் தப்ப மாட்டேன்."

வராத ரிசல்ட்

கையெழுத்துப் போடாமல் வந்துவிடு என்று புது முகவரியிலிருந்து செல்விக்கு எழுதினோம். புதன்கிழமை அக்கா அன்றைய வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார். பதில் வந்திருந்தது, ஆனால் நாங்கள் எதிர்பார்த்த பதில் இல்லை. "அம்மான்னு சொல்லி ரெண்டு பேர் எழுதுறீங்க. ஒண்ணு வராதங்குது, ஒண்ணு வான்னு சொல்லுது. நான் யார நம்புறது? நீ என் அம்மான்னா சொல்லு. நான் சாதாரண தரப் பரீட்சையில ஃபெயிலானப்ப நீ என்னா செஞ்ச?" ஏமாந்து ஏமாந்து அந்தப் பிள்ளை அங்கே தனியாக இருந்து ஒரு பூட்டுச் செய்திருக்கிறாள்.

அக்கா கடையைச் சுற்றிப் பார்த்தார். கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்த முதலாளியைப் பார்த்தார். "அவர இறங்கச் சொல்லுங்க" என்றார். முதலாளி என்ன நினைத்தாரோ, வந்த வழியே இறங்கிப் போனார். அன்றைக்குக் கீழே ரிசீவரையும் யாரும் தூக்கவில்லை. அக்கா என் காதோரம் குனிந்து பதிலைச் சொன்னார். பிறகு செல்வியே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டதால் நானும் எழுதுகிறேன். 'ராசாத்தி, ரிசல்ட் இன்னும் வரலன்னு லயம் பூரா சொன்னேன். உங்கப்பாகிட்டயும் அதையேதான் சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் வரலன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன்.' அடித்து அனுப்பினேன். அவள் வேலை செய்த வீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தன் கொம்பியூட்டரில் இவளுக்கு இடம் கொடுக்கும். எப்போது கொடுக்குமோ? அக்கா மூன்று மணிநேரம் அசையாமல் இருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், அது ஆறிப்போய்க் கிடந்தது. கடைசியில் வந்தது. "அம்மா! கையெழுத்துப் போடல. போட மாட்டேன். வர்றேன்." அக்கா அழுதுகொண்டே சிரித்தார்:

"பாத்தீங்களா தம்பி, பரீட்சையில ஃபெயிலானாலும் என் புள்ள புத்திசாலிதாங்க!"

சாவி யாரிடம்?

அடுத்த வாரம் ஏஜென்சிக்காரர் தோட்டத்துக்குப் போனபோது ஏழு வீட்டு அம்மாமாரும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றார்களாம். என்ன பேசினார்கள் என்று அக்கா சொல்லவில்லை. அந்த மனிதர் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து பஸ்ஸில் ஏறவில்லை. பலகையை அழித்துவிட்டார்கள். நான் ஏழு வீட்டுக்கும் ஏழு படிவம் நிரப்பினேன், சலிக்காமல். சி.ஆர். கொப்பியைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை அடுப்பில் போட்டேன். கடைசிப் பக்கம் எரிகிற வரைக்கும் சிவஞானம் சேர் சாட்சிக்கு நின்றார்.

செல்வி பொங்கலுக்கு வரவில்லை, பொங்கல் கழிந்து மூன்று வாரத்தில் வந்தாள். பிஸ்கட் டின்னோடு இருவரும் கடைக்கு ஏறி வந்தார்கள். கூட வேலை செய்த தோழிக்குப் பத்திரமாக வந்து சேர்ந்ததாக எழுத வேண்டுமென்று செல்வி கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து, அம்மாவின் முகவரியை அடித்துவிட்டு, "அம்மா, பாஸ்வேர்ட் என்னா?" என்றாள். மாரியாயி அக்கா மகளை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தார். முந்தானையை விரித்தார். எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார், நாங்கள் எல்லாரும் பழக்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டோம். செல்வி மட்டும் அசையாமல் நின்றாள்.

"நீயுந்தான்டி ராசாத்தி, திரும்பு."

எத்தனையோ பேருடைய பாஸ்வேர்டை அறிந்து வைத்திருந்தவன் நான், ஆனால் உருப்படியாக வேலை செய்தது எனக்குத் தெரியாத அந்த ஒன்றுதான்.